‘தெரியுது’ என்பதும் உண்மையில் தெரிவதும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எனக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். இம்முறை அதைக் கேட்டிருப்பவர் சிரம்பானைச் சேர்ந்த ஒரு தந்தை.

“மகனுக்கு 11 வயது. பறவை என்றால் உயிர். பைனாகுலர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். 600 ரிங்கிட்டுக்கு மேல் என்னால் முடியாது. இணையக் கடையில் 80 ரிங்கிட்டுக்கே 100 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருக்கிறார்கள். கேமராக் கடைக்காரரோ 8 மடங்குதான் காட்டும் ஒன்றை எடுத்து வைத்து 600 ரிங்கிட் என்கிறார். யார் என்னை ஏமாற்றுகிறார்கள்?”

கடைக்காரர் ஏமாற்றவில்லை ஐயா. குறைந்த எண்ணுக்கு அதிகப் பணம் கேட்பது முதலில் வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனால் பைனாகுலரைப் பொறுத்தவரை பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணுக்காக நாம் பணம் தருவதில்லை. கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சத்துக்கும், ஆடாத படத்துக்கும், பார்ப்பவரின் கண்ணோடு கருவி பொருந்துவதற்கும்தான் தருகிறோம். இந்த மூன்றையும் கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு ஓர் அடிக்கோல் போதும்.

எண் சொல்வது என்ன?

எந்தப் பைனாகுலரிலும் 8×42, 10×25 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 8 என்றால், 80 மீட்டர் தூரத்தில் இருக்கும் மரங்கொத்தி 10 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

நம் கண் முதல் எண்ணில் போய் விழுகிறது. விற்பவர்களுக்கும் அது தெரியும். ஆனால் பறவை 8 மடங்கு பெரிதாகும்போது உங்கள் கை நடுக்கமும் 8 மடங்கு பெரிதாகிறது. 8 மடங்கு வரை யாருடைய கையும் தாங்கும். 10 மடங்கு என்றால் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதற்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் படம் நிற்காது. கையில் பிடித்துக்கொண்டு 100 மடங்கு பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பெருக்கம் கூடக் கூடக் காட்சியின் அகலமும் சுருங்கும். நல்ல 8 மடங்கு பைனாகுலரில் 1000 மீட்டர் தொலைவில் சுமார் 120 முதல் 140 மீட்டர் அகலம் தெரியும். அகலம் குறைந்தால் பறவையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. “எங்கே? எங்கே?” என்று கிளை கிளையாகத் தேடுவதற்குள் அது பறந்துவிடும். சிறுவர்கள் பைனாகுலரைத் தூக்கிப் போடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அடிக்கோல் சோதனை

பெட்டியில் போட்டிருப்பது உண்மைதானா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல் ஒரு கை நீளம் தள்ளிப் பிடியுங்கள். முன்பக்கம் வெளிச்சமான சுவரையோ வானத்தையோ பார்க்கட்டும். சூரியன் இருக்கும் திசை மட்டும் வேண்டாம். கண் வைக்கும் பக்கத்து லென்ஸில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அடிக்கோலால் அதை அளந்து பாருங்கள்.

முன் லென்ஸின் விட்டத்தை இந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மையான பெருக்கம். 8×42 என்றால் வட்டம் 5 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஒரு பெட்டியில் 30×50 என்று போட்டிருந்து வட்டம் 5 மில்லிமீட்டர் இருந்தால், அது 30 மடங்கு இல்லை, 10 மடங்குதான். எண்ணிலேயே பொய் சொல்லும் கருவி கண்ணாடியிலும் உண்மையாக இருக்காது.

இந்த வட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை அந்த அளவுதான். நல்ல வெயிலில் நம் கண்மணி 2, 3 மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். அப்போது சிறிய வட்டமே போதும். ஆனால் பறவைகள் பாடும் நேரம் விடிகாலை. அந்தி மங்கலிலும் மழைக்காட்டு நிழலிலும் கண்மணி 5 மில்லிமீட்டர், இளம் வயதினருக்கு 7 மில்லிமீட்டர் வரைகூட விரியும். அங்கே 10×25 போன்ற சட்டைப்பைப் பைனாகுலரின் வட்டம் இரண்டரை மில்லிமீட்டர்தான். காட்சி மங்கிவிடும். 42 மில்லிமீட்டர் லென்ஸ், 25 மில்லிமீட்டர் லென்ஸைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறது.

நியூசிலாந்தில் குடியேறிய என் சித்தப்பா மகன் அங்கே நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவான். துப்பாக்கியில் பூட்டும் ஸ்கோப் வாங்கும்போதும் இதே கணக்குத்தான் என்கிறான். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்தில் பெரிய பெருக்கத்தைவிடத் தெளிவான வெளிச்சமே உதவும். அவன் சொன்ன இன்னொன்றும் என் மனத்தில் நின்றது. ஸ்கோப்பை வைத்து ஒருபோதும் தேடக் கூடாதாம். ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் துப்பாக்கிக் குழலும் திரும்புகிறது. புதருக்குப் பின்னால் இருப்பது மானா, இன்னொரு மனிதனா என்று தெரியாது. அதனால் கழுத்தில் ஒரு பைனாகுலர் கட்டாயம். அதில் பார்த்து, இன்னதுதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகே துப்பாக்கியைத் தூக்க வேண்டும். ‘தெரிகிற மாதிரி இருக்கிறது’ என்பதற்கும் ‘தெரிகிறது’ என்பதற்கும் நடுவே அங்கே ஓர் உயிர் இருக்கிறது. நமக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்.

விலை எங்கே போகிறது?

ஒரே 8×42 ஏன் 150 ரிங்கிட்டுக்கும் இருக்கிறது, 600 ரிங்கிட்டுக்கும் இருக்கிறது, 10,000 ரிங்கிட்டைத் தாண்டியும் இருக்கிறது? பெரும்பகுதி விலை கண்ணாடியின் மேல் பூசும் பூச்சிலும் உள்ளே இருக்கும் பிரிசத்திலும் போகிறது.

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 விழுக்காடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் பல லென்ஸ்கள் இருக்கின்றன. பத்துப் பரப்புகள் என்று வைத்துக்கொண்டாலே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விடும். திரும்பிய வெளிச்சம் உள்ளேயே அலைந்து, படத்தின் மேல் பால் தெளித்ததுபோல் ஒரு மங்கலையும் உண்டாக்கும். 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா என்பவர் இதற்கு மெல்லிய பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று எல்லாப் பரப்பிலும் பல அடுக்காகப் பூசினால் பரப்புக்கு அரை விழுக்காடுகூட வீணாகாது. பெட்டியில் ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். வெறும் ‘கோட்டட்’ என்று போட்டிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு இருக்கிறது என்றுதான் பொருள்.

கடையில் குழல் விளக்குக்குக் கீழே முன் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் நிழல் மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் இல்லை. மாணிக்கம்போல் சிவப்பாக மின்னும் லென்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் அப்படி மின்னுகிறது. உள்ளே தெரியும் பறவையின் நிறம் கெட்டுவிடும்.

அடுத்தது பிரிசம். இரண்டு வகை உண்டு. பழைய சினிமாவில் கப்பல் தலைவர் வைத்திருப்பதுபோல் தோள் அகன்று இருப்பது போரோ வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அமைப்பு அது. இரண்டு நேர்க்குழாய்போல் இருப்பது ரூஃப் வகை. ரூஃப் பார்க்க அழகாகவும் கையில் அடக்கமாகவும் இருக்கும். ஆனால் அதைத் துல்லியமாகச் செய்யச் செலவு அதிகம். ஆகவே கையில் பணம் குறைவு என்றால், அதே விலைக்குப் போரோ வகையில் பெரும்பாலும் நல்ல காட்சி கிடைக்கும். பழைய மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள்.

அம்மாவும் பருந்துகளும்

இனி, விளம்பரங்கள் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருகிறேன். கருவி நல்லதாக இருந்தாலும் பார்ப்பவரின் கண்ணுக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை.

போர்ட்டிக்சன் பக்கத்தில் தஞ்சோங் துவான் என்ற முனை இருக்கிறது, கலங்கரை விளக்கத்தோடு. மலாக்கா நீரிணை அந்தப் பகுதியில் 40 கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. குளிர்காலத்தைச் சுமத்ராவில் கழித்த தேன் பருந்துகள், மார்ச் மாதத்தில் வடக்கே திரும்பும்போது இந்த இடத்தில்தான் கடலைக் கடக்கின்றன. கடலுக்கு மேல் அவற்றைத் தூக்கிவிடும் வெப்பக் காற்று கிடைக்காது. இறக்கை அடித்து அடித்து, களைத்து, தாழ்வாக வந்து சேரும். கரையைத் தொட்டதும் சூடான காற்றில் வட்டமிட்டு மேலே ஏறும். மலேசிய இயற்கைச் சங்கத்தினர் அங்கே கூடிப் பருந்துகளை எண்ணுவார்கள்.

ஒரு மார்ச் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு குடும்பமாகப் போயிருந்தோம். அம்மா தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். லயத்து வாசலில் கோழிக்குஞ்சைத் தூக்க வரும் பருந்தைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார். என் மச்சான் பசார் மாலாமில் வாங்கிய ஒரு ஜூம் பைனாகுலரைக் கொண்டுவந்திருந்தார். எல்லாரும் மாறி மாறிப் பார்த்தோம். அம்மா முறை வந்தது. மூக்குக் கண்ணாடியோடு கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, “ம், தெரியுது தெரியுது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“எத்தனை பருந்தும்மா?” என்றேன்.

“என்னமோ கறுப்பா இருக்கு. நீங்க பாருங்கப்பா.”

நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான். நம் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று தெரியாததைத் தெரிகிறது என்பார்கள். பக்கத்தில் நின்ற சங்கத்துத் தொண்டர் ஒருவர், மலாய்க்காரப் பெண், இதைக் கவனித்துவிட்டார். தன் 8×42 ஐக் கழற்றினார். கண் வைக்கும் இடத்தில் இருந்த ரப்பர் வளையங்களைத் திருகிக் கீழே இறக்கினார். அம்மா கையில் கொடுத்து, “மாக்சிக், செர்மின் மாதா தா பாயா புக்கா” என்றார். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் அம்மா என்று பொருள்.

அம்மா மேலே பார்த்தார். பேச்சே இல்லை. வெகுநேரம் கழித்து, “அடியே, இறக்கை நுனியில விரல் விரலா இருக்குடி” என்றார். பிறகும் பைனாகுலரை இறக்கவில்லை. எழுபது வயது வரை பருந்தைக் கீழே நின்று விரட்டியவர், அன்றைக்குத்தான் அதன் முகத்தைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பைனாகுலரின் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கு ஒரு தூரம் இருக்கிறது. பெட்டியில் ‘ஐ ரிலீஃப்’ என்று போட்டிருப்பார்கள். மூக்குக் கண்ணாடி போட்டவரின் கண், அந்தக் கண்ணாடியாலேயே தள்ளிப் போய்விடுகிறது. அந்தத் தூரம் 9, 10 மில்லிமீட்டர்தான் என்றால் அவருக்குத் தெரிவது சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் ஒரு பொட்டு. கண்ணாடி அணிபவருக்கு குறைந்தது 15 மில்லிமீட்டர், முடிந்தால் 17 வேண்டும். ரப்பர் வளையத்தையும் கீழே இறக்க வேண்டும். கண்ணாடி அணியாதவர் மேலே தூக்கிவைத்துக்கொள்ளலாம்.

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ‘சிலிண்டர்’ பவர் உள்ளவர்களுக்கு அது உதவாது. கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். எல்லாம் செய்தும் ஒரு கண்ணில் மட்டும் புகை படிந்ததுபோல் தெரிகிறது என்று பெற்றோர் சொன்னால், பைனாகுலரைக் குறை சொல்ல வேண்டாம். கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கண்புரையின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

சிறுவர்களுக்கு வேறு கணக்கு

சிரம்பான் தந்தை கவனிக்க வேண்டியது இது. பைனாகுலரின் இரண்டு குழாய்களையும் நெருக்கினால் ஓரளவுக்குத்தான் நெருங்கும். பல 8×42 பைனாகுலர்கள் 56 மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை. சிறுவர்களின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அப்போது பையன் ஒரு கண்ணால்தான் பார்ப்பான். அவனுக்குச் சொல்லத் தெரியாது. 11 வயதில் பெரும்பாலும் பொருந்தும் என்றாலும் மகனை அழைத்துப்போய் அவன் கண்ணிலேயே வைத்துப் பாருங்கள். “என்ன தெரியுது?” என்று கேட்காதீர்கள். “வட்டம் ஒன்றா, இரண்டா?” என்று கேளுங்கள். ஒரே முழு வட்டம் என்றால் பொருந்துகிறது.

எடையும் முக்கியம். 8×42 பெரும்பாலும் 550 முதல் 750 கிராம் வரை இருக்கும். ஒரு மணி நேரம் தூக்கினால் சிறுவன் கை வலிக்கும். அவனுக்கு 8×30, 8×32 அளவு போதும்.

சில பெயர்கள்

யாரும் எனக்கு எதுவும் தரவில்லை என்பதைச் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன். 500 முதல் 800 ரிங்கிட் வரை, சிங்கப்பூரில் 200 வெள்ளியை ஒட்டி, கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் கேட்டுப் பார்க்க வேண்டியவை இவை.

குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று என்றால் நிக்கான் புரோஸ்டாஃப் பி3, 8×42. நீர் புகாது, கண்ணாடி அணிவோருக்கும் வசதி. சிறுவனுக்குத் தனியாக என்றால் கோவா ஒய்.எஃப், 8×30. போரோ வகை, நீர் புகாது, எடை 500 கிராமுக்கும் குறைவு. பணம் இன்னும் குறைவு என்றால் நிக்கான் அக்குலான் வரிசையில் 8×42 இருக்கிறது. காட்சி நன்றாகவே இருக்கும். ஆனால் மழையில் நனையக் கூடாது, கண்ணாடி அணிவோருக்கும் ஏற்றதல்ல. பட்டாம்பூச்சி, தும்பி பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21, அரை மீட்டர் தூரத்தில் இருக்கும் பூச்சியைக்கூடத் தெளிவாகக் காட்டும். மற்றவற்றில் அவ்வளவு கிட்டத்தில் எதுவும் தெரியாது.

இதற்கு மேல் பணம் போட்டால் காட்சி மேம்படும்தான். ஆனால் 150லிருந்து 600க்கு ஏறும்போது கிடைக்கும் வித்தியாசம், 600லிருந்து 10,000க்கு ஏறும்போது கிடைப்பதில்லை. ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா, சைஸ் மூன்றும் அருமையானவை. ஆனால் முதல் பைனாகுலர் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

எந்த விலையிலும் வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று ஜூம். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அகலமும் வெளிச்சமும் போய்விடும். இரண்டு, சக்கரமே இல்லாமல் ‘தானே ஃபோகஸ் ஆகும்’ என்று விற்பது. எதுவும் தானாக ஆவதில்லை. தூரம் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கிறது, சரிசெய்யும் வேலையை உங்கள் கண்தான் செய்கிறது.

கடையை விட்டு வருமுன்

தூரத்தில் இருக்கும் கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பாருங்கள். ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இரண்டாகவோ மேலும் கீழுமாகவோ தெரிந்தால் குழாய்கள் நேராக இல்லை. மூளை இரண்டையும் இழுத்து ஒட்டவைக்கப் பார்க்கும். அரை மணி நேரத்தில் தலைவலி வரும். மலிவான பைனாகுலர்களில் இந்தக் குறை அடிக்கடி இருக்கும். பையனோ “எனக்குப் பறவை பார்க்கப் பிடிக்கல” என்று சொல்லிவிடுவான். போன 80 ரிங்கிட்டைவிட அதுதான் பெரிய நட்டம்.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். வலது லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருகி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தைத் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் அளவை நினைவில் வையுங்கள். வீட்டில் மற்றவர் எடுத்தால் மாற்றிவிடுவார்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ‘வாட்டர்புரூஃப், நைட்ரஜன் நிரப்பியது’ என்பதைப் பார்த்து வாங்குங்கள். மழையில் நனைந்தால் துடைத்து, காற்றாட வைத்து, பிறகு உள்ளே வையுங்கள். துணிப்பையில் போட்டு அலமாரிக்குள் பூட்டாதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா போதும்.

பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பைனாகுலரால் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. விழித்திரை வெந்துவிடும், வலியே தெரியாது, போன பார்வை திரும்பாமலே போகலாம். இரண்டாவது, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு: எதிர் புளோக்கின் ஜன்னல்களில் பறவை இல்லை.

முதல் பயணத்துக்குத் தூரம் போக வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. பக்கத்துப் புக்கிட் மலாவாத்தியில் குரங்குகளையும் பார்த்துவிட்டு வரலாம். சிங்கப்பூரில் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் அங்கே சேற்றில் மேயும். மலைக்குப் போக முடிந்தால் பிரேசர் மலை. அங்கே சாலையோரத்தில் நின்றாலே போதும். காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும்.

சிரம்பான் தந்தைக்கு என் பதில் இதுதான் ஐயா. 600 ரிங்கிட் போதும். 8 மடங்கே எடுங்கள். மகனைக் கடைக்கு அழைத்துப் போங்கள், சட்டைப்பையில் அடிக்கோல் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தஞ்சோங் துவான் உங்களுக்கு அடுத்த ஊர்தான். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.